விளக்கோடு ஒரு பஸ்ஸரும்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்தால் ஊருக்கு ஊர் ரோபோட்டிக்ஸ் முகாம், கம்ப்யூட்டர் முகாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பார்வை இல்லாத பிள்ளையையோ ஆட்டிசம் உள்ள பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போனால், "இவங்களுக்குத் தனியா ஒரு நாள் வைக்கிறோம்மா" என்கிறார்கள். அந்தத் தனி நாள் வேண்டாம், எல்லாரும் ஒரே மேசையில் உட்காரட்டும் என்பதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

முகாமில் முதல் பாடமே எல்.இ.டி. விளக்கை எரிய வைப்பதுதான். விளக்கு எரிந்தது கண் தெரியாத பிள்ளைக்கு எப்படித் தெரியும்? விளக்கோடு, மின்சாரம் வந்தால் ஒலிக்கும் ஒரு சின்ன பஸ்ஸரையும் சேர்த்துவிடுங்கள். பெரிய செலவில்லை.

எங்கள் முகாமுக்குப் பார்வை இல்லாத ஒரு மாணவி வந்தாள். அவள் குழு, தடை வந்தால் நிற்கும் வண்டி ஒன்றைச் செய்தது. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்துமே, அதே மாதிரி சென்சார்தான். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும், எதிரொலி திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். தடை நெருங்க நெருங்க பஸ்ஸர் வேகமாக அடிக்க வேண்டும்.

வண்டி சுவருக்கு முன்னால் சரியாக நின்றது. ஜன்னல் திரைச்சீலையை மட்டும் போய் முட்டியது. மற்றவர்கள் லேப்டாப்பைச் சுற்றி நின்று புரோகிராமை வரி வரியாகத் தேடினார்கள். இவள் வண்டியைத் தூக்கி முதலில் சுவரிடம் கொண்டுபோனாள், அப்புறம் மேசைக் காலிடம், கடைசியில் தன் துப்பட்டாவைச் சுருட்டி அதனிடம். "சார், துணிகிட்ட போனா சத்தமே மாறல!" மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது, எதிரொலி திரும்புவதில்லை. அந்த பஸ்ஸர் இல்லாவிட்டால் குழு முழுக்க, பிழையே இல்லாத புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்திருக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், ஒரே மேசை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கையில் ரோபோவைக் கொடுப்பது புதிதும் இல்லை. 1970களிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சில்வியா வீர் என்ற ஆய்வாளர், லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஓடும் ஆமை ரோபோவை ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனிடம் கொடுத்துப் பார்த்தார். பொத்தானை அழுத்தி ஆமையை ஓட்டப் பழகிய சிறுவன், கூட இருந்தவர்களோடும் தொடர்புகொள்ள ஆரம்பித்தான் என்று 1976இல் எழுதினார்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் புரோகிராம் பழகும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் கட்டளைக் கட்டங்களை மவுஸால் இழுத்துப் போட வேண்டும், பார்வை இல்லாத பிள்ளைக்கு அது கஷ்டம். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி எழுத்தாகவே இருப்பதால் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். கை நடுங்கும் பிள்ளைக்கு வயர்களைச் செருகும் பிரெட்போர்டு பலகையின் பொடித் துளைகள் வேண்டாம், கவ்விப் பிடிக்கும் முதலை கிளிப் கொடுங்கள். பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: திரையை வாசிக்கும் மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர் இருக்கிறதா? மோட்டார் சத்தம் தாங்காத பிள்ளை கொஞ்ச நேரம் போய் உட்கார அமைதியான அறை இருக்கிறதா? நன்றி, வணக்கம்.