கல்லூரிப் பேருந்தின் கூரையில் சோலார்: டேப் பிடித்து அளந்தபோது தெரிந்தது

வணக்கம். என் கையில் இருப்பது 15 மீட்டர் டேப். மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு, நாங்கள் நான்கு பேர் இதை எடுத்துக்கொண்டு கல்லூரிப் பேருந்தின் பின்ஏணி வழியாக மேலே ஏறினோம். காலை 10 மணிதான், அதற்குள் தகடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. கூரையில் சோலார் பேனல் போட்டு இந்தப் பேருந்தை ஓட்ட முடியுமா? இதுதான் எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட். கமெண்டில் பலர் இதே தலைப்பை எடுத்திருப்பதாக எழுதுகிறீர்கள். அதனால் நாங்கள் போட்ட கணக்கை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆசை வந்தது ஆஸ்திரேலியாவில் நடக்கும் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் பார்த்து. 1987-இல் தொடங்கியது. வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், வெயிலை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். ஓட்டுவது பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள் கட்டிய கார்கள். 2005-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களுடைய நூனா கார் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வேகம் அளவு மீறுகிறது என்று அடுத்த போட்டியில் பேனல் பரப்பை 6 சதுர மீட்டராகக் குறைத்தார்கள், 2017-இல் 4 ஆக்கினார்கள். அப்படியும் ஜெயித்த கார் 80-க்கு மேல்தான் போனது.

4 சதுர மீட்டர் பேனல் உச்சி வெயிலில் கொடுப்பது ஏறக்குறைய 1,000 வாட். நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி இழுக்கிற மின்சாரம், அவ்வளவுதான். அதில் ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அது காற்றைக் கிழிக்கிற வடிவத்தில் ஒரு ஆள் மட்டும் உட்காருகிற, 200 கிலோகூட வராத வண்டி என்பதால்தான். நாங்கள் வீடியோவில் பேனலைப் பார்த்தோமே தவிர வண்டியின் எடையைப் பார்க்கவில்லை.

சரி, பேருந்துக்கு வருவோம். நீளம் 10.8 மீட்டர், அகலம் 2.4. கிட்டத்தட்ட 26 சதுர மீட்டர். காற்றுத் திறப்பு, ஓரத்து வளைவு எல்லாம் போக 20 மிச்சம். சதுர மீட்டருக்கு 200 வாட் என்றால் 4 கிலோவாட். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக 16 யூனிட். பெரிய மின்சாரப் பேருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் கேட்கும். 15 கிலோமீட்டர் ஓடலாம். படுக்கையாகக் கிடக்கிற பேனல், அதன் மேல் தூசி, சாலையோரப் புளியமர நிழல், இதையெல்லாம் கழித்தால் இன்னும் குறையும். எங்கள் பேருந்து ஓடுவது ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர்.

அன்றைக்கு இறங்கி வந்து டயர் நிழலில் உட்கார்ந்துவிட்டோம். தலைப்பையே மாற்றிவிடலாமா என்று பேச்சு வந்தது. டிரைவர் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். கிலோமீட்டர் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, "காலையில எட்டே முக்காலுக்கு நிறுத்தினா சாயந்தரம் நாலரைக்குத்தான் தம்பி எடுப்பேன்" என்றார்.

எட்டே முக்காலிலிருந்து நாலரை. வெயில் அடிக்கிற நேரம் முழுக்க வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது! அப்படியானால் பேனலை ஏன் வண்டி சுமக்க வேண்டும்? நிறுத்துமிடத்துக்கு மேல் கொட்டகையாகப் போட்டால் போதுமே. 80 கிலோமீட்டருக்கு 80 முதல் 90 யூனிட் வேண்டும். அதற்கு 20 கிலோவாட்டுக்குச் சற்று மேல், சுமார் 1,200 சதுர அடிப் பேனல். ஏழு மணி நேரம் நிற்பதால் வேகமான சார்ஜரும் தேவையில்லை, 12 கிலோவாட் போதும். ஞாயிறும் விடுமுறையும் வருகிற மின்சாரம் விடுதிக்குப் போகட்டும். என் புராஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான், நோட்டில் இன்னும் டீக்கறையோடு இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம் பணம். இங்கே மறுபடி இடித்தது. டீசல் லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நாள் செலவு 1,500 ரூபாய்க்கு மேல். மின்சாரத்தை வெளியே வாங்கினாலும் 700 ரூபாய். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் மிச்சம், 220 வேலை நாளுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். மின்சாரப் பேருந்தோ டீசல் பேருந்தைவிடப் பல பத்து லட்சம் கூடுதல். வண்டியின் ஆயுசுக்குள் போட்ட காசு திரும்பாது. ஆனால் இதே கணக்கில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், வருஷம் முழுக்க ஓடுகிற நகரப் பேருந்தை வைத்துப் பாருங்கள். மிச்சம் நான்கு மடங்காகிறது. 2025-இல் சென்னையில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது நான் இந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். அதிகம் ஓடுகிற வண்டியை முதலில் மாற்றுவதுதான் சரி.

ரிவ்யூவில் எங்களுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். "மாடல் எங்கே? ஓடாது என்று சொல்லவா ஒரு வருஷம்?" என்று கேட்டார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய பொம்மைக் கார் மேஜையில் ஓடினால் கைதட்டு கிடைக்கிறது. எந்த இடத்தில் ஓடாது, எத்தனை யூனிட் குறைகிறது, அதை எங்கிருந்து எடுக்கலாம் என்று அளந்து சொன்ன நோட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தயவுசெய்து இந்த வருஷம் புராஜெக்ட் செய்கிறவர்கள் வாங்காதீர்கள். உங்கள் பேருந்தின் மேல் ஏறி அளந்து பாருங்கள்.

உங்கள் கல்லூரிப் பேருந்து தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, பகலில் எங்கே, எத்தனை மணி நேரம் நிற்கிறது? இந்த மூன்றையும் டிரைவர் அண்ணனிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றுக்கும் நாம் சேர்ந்து கணக்குப் போடலாம்.