மழை பெய்த எட்டாம் நாள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டாலே, பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பேச்சு வந்துவிடுகிறது. பரீட்சை ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் கடைவீதிக்குப் போகிறோம், இல்லையென்றால் ஏற்காடு ஏரியில் படகுக்காக வரிசையில் நிற்கிறோம். நின்று நின்று அலுத்த பிள்ளை கடைசியில் அப்பாவின் செல்போனைக் கேட்கிறது.

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நம்ம சேலத்தில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டோ, காய்த்துக்கொண்டோ, கூவிக்கொண்டோ இருக்கிறது. வாரத்துக்கு ஒரு புது இடம் தேடி அலைவதை விட்டுவிட்டு, இதில் ஒன்றைப் பிடித்துச் சில வாரங்கள் விடாமல் பார்க்கவும், கையால் செய்யவும் பிள்ளைகளை விட்டுப் பாருங்கள். செலவு குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் உண்மையிலேயே சந்தோஷப்படுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

மாவடுவிலிருந்து தொடங்குகிறேன். சூரமங்கலமோ அஸ்தம்பட்டியோ, பக்கத்தில் இருக்கிற உழவர் சந்தைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடிபடாத, உருண்டையான, காம்பு ஒட்டிக்கொண்டிருக்கிற வடுவாகப் பார்த்து அதையே பொறுக்கவிடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். வீட்டுக்கு வந்து கழுவி, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைப்பது பிள்ளைகளின் வேலை. ஈரம் இருந்தால் கெட்டுவிடும் என்று ஒரு தடவை சொன்னால் போதும், நம்மைவிடக் கவனமாகத் துடைப்பார்கள். அப்புறம் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று போட வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 200 கிராம் உப்பு பிடிக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. தினமும் ஜாடியைக் குலுக்கிவிடுவது பிள்ளையின் பொறுப்பு. முதல் நாள் உப்பு உப்பாகவே இருக்கும். இரண்டு மூன்று நாளில் அடியில் தண்ணீர் கட்டியிருக்கும். "தண்ணி யாரு ஊத்துனது?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. யாரும் ஊற்றவில்லை, காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. கல்லு மாதிரி இருந்த வடு நாளாக நாளாகச் சுருங்கி, தோல் மடிப்பு மடிப்பாக வருவதையும் தன் கண்ணாலேயே பார்க்கும். சவ்வூடுபரவல் என்ற பாடம் பின்னால் பள்ளிக்கூடத்தில் வரும்போது, அந்தப் பிள்ளைக்கு அது மனப்பாடப் பகுதியாக இருக்காது. நன்றாகச் சுருங்கியதும் கடுகும் வரமிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலக்கிறோம். இந்த இடத்தில் அம்மாயியோ அப்பத்தாவோ பக்கத்தில் இருந்தால் அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு. அதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வீட்டிலோ தோட்டத்திலோ மாமரம் இருக்கிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். தை, மாசியில் பூக்கும்போதே ஒரு பூங்கொத்தில் வண்ண நூல் கட்டி, வாரம் ஒரு நாள் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூ இருக்கும். மிளகு அளவில் பிஞ்சு பிடித்து, அதிலும் முக்கால்வாசி உதிர்ந்து, கடைசியில் ஒன்றோ இரண்டோ காய்தான் நிற்கும், சில கொத்தில் அதுவும் நிற்காது. மல்கோவாவை ஏன் அவ்வளவு விலை சொல்கிறார்கள் என்பது இதைப் பார்த்த பிள்ளைக்குக் கொஞ்சமாவது புரியும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பையும் காட்டுங்கள், தள்ளி நின்றே காட்டுங்கள்.

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனால் குயில் கூவுவது கேட்கும். கூவுவது ஆண். உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண்குயில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், அதன் குரல் 'கிக் கிக்' என்று வேறு மாதிரி. காக்கைக் கூட்டில் முட்டையிடப் பார்ப்பதும், காக்கை விரட்டுவதும் இந்த மாதங்களில் நம் தெருவிலேயே நடக்கிறது. பாத்திரக்காரர் செம்பைத் தட்டுவது போல 'டொங் டொங்' என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டால், அது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, இலைக்குள் எளிதில் தெரியாது. அதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று போட்டி வையுங்கள். இன்னும் பறவை பார்க்க ஆசைப்பட்டால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போகலாம். ஏரிக்குள் மண்மேடு போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், நீர்க்காகங்களும் கொக்குகளும் கரையிலிருந்தே தெரியும்.

வேப்பம்பூவை மறந்துவிடக் கூடாது. ராத்திரி மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவைத்தால், காலையில் அள்ளுகிற அளவுக்கு உதிர்ந்திருக்கும். காம்பு தூசு பொறுக்கிக் காயவைத்தால் சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கு ஆச்சு. தான் பொறுக்கிய பூ என்றால், கசப்புக்கு முகம் சுளிக்கிற பிள்ளைகூட ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கும்.

சரி, ஏற்காட்டுக்குப் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் போங்கள், காப்பி பூக்கிற நாளில் போங்கள்.

சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது. அந்தச் செடி கோடையின் தொடக்கத்தில் மொட்டு கட்டிக்கொண்டு, அப்படியே மூடிக்கொண்டு காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிடும். கணுவுக்குக் கணு கொத்தாக, ஐந்து இதழோடு வெள்ளைப் பூ. மல்லிகையை ஒத்த வாசம், தேனீக்களின் ரீங்காரம். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி முடிந்துவிடும்.

அதனால் முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது, மழையைத்தான் பார்க்க வேண்டும். மலைமேல் மழை என்று தெரிந்த அன்றைக்கே காலண்டரில் வட்டம் போடச் சொல்லி, பிள்ளையையே நாள் எண்ணவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே ஏறுகிற பிள்ளைகளுக்கு, "பூத்திருக்குமா?" என்ற கேள்வியோடு போவதே பெரிய கொண்டாட்டம். ஒருநாள் முந்திப் போய் மொட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குற்றமில்லை. பூத்த அதே செடியைக் கார்த்திகை, மார்கழியில் மறுபடி போய்ப் பார்த்தால் பழம் சிவந்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எஸ்டேட்டுகள் தனியாருக்குச் சொந்தமானவை. மேஸ்திரியிடமோ காவலாளியிடமோ கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒரு பூ என்பது ஒரு பழம், பறிக்க வேண்டாம். இது காட்டுத்தீ பிடிக்கிற காலம், வழியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதும், பீடி சிகரெட்டை அணைக்காமல் எறிவதும் அறவே கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் போட வேண்டாம். கிளியூர் அருவியில் இந்த நாட்களில் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம். குனிந்து போகிற அந்தக் குகைக் கோயில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சேலத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஏறிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.