ஆசாரி செய்த பீரோ

நேயர்களுக்கு வணக்கம். ஆயுதக் கொள்முதல் என்றாலே ஊழல், தரகு என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் பல திட்டங்கள் சறுக்குவது, என்ன வேண்டும் என்று எழுதும் முதல் தாளிலேயே என்பது என் நெடுநாள் கருத்து.

என் பாட்டி ஆசாரியிடம் ஒரு மரப் பீரோ செய்யச் சொன்னார். பாதி வேலையில் கதவுக்குக் கண்ணாடி கேட்டார். கண்ணாடியின் கனத்தைத் தாங்கச் சட்டம் தடித்தது. பிறகு மேலே ஒரு தட்டு, பட்டுப்புடவைக்கு ஒரு ரகசிய அறை. ஆசாரி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. (கூலி ஏறுகிறதே, ஏன் சொல்லப்போகிறார்?) பீரோ அழகாகத்தான் வந்தது, வாசலில்தான் நுழையவில்லை. நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனோம்.

ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் கதையும் ஏறத்தாழ இதுதான். 1974இல் ஒப்புதல் கிடைத்தபோது எண்ணியது சுமார் 40 டன் வண்டியை. பின்னர் ராணுவத்தார் 120 மி.மீ. பீரங்கி கேட்டார்கள், கவசம் கனத்தது, உள்நாட்டு எஞ்சின் கைகூடாமல் ஜெர்மன் எஞ்சின் வந்தது, எடை 58.5 டன்னைத் தொட்டது. ரயிலில் ஏற்றத் தனி வேகன்களே செய்ய வேண்டியிருந்தது. மறுபடியும் அதே வாசல், அதே நிலை! முதல் வண்டிகள் படைக்குப் போய்ச் சேர்ந்தது 2004இல். அதற்குள், 2001இலேயே, 310 டி-90 டாங்கிகளுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் ஆகிவிட்டது. 2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அந்த டி-90 உடன் ஓட்டிப் பார்த்தபோது அர்ஜுன் நன்றாகவே ஈடுகொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டியில் குறையில்லை, கேட்டவர் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் குறை.

இதற்கு மாறாக, பிரம்மோஸ் ஏவுகணையைப் பாருங்கள். 1998 பிப்ரவரியில் ரஷ்யாவுடன் ஒப்பந்தம், 2001 ஜூனில் ஒடிசாவின் சந்திப்பூரில் முதல் சோதனை. ரஷ்யர்களிடம் ஏற்கெனவே இருந்த ஏவுகணையின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, வழிகாட்டும் கருவிகளை நம்மவர் செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் நாகர்கோவில்காரரான சிவதாணுப் பிள்ளை. எல்லாவற்றையும் புதிதாகச் செய்வோம் என்று எவரும் அடம்பிடிக்கவில்லை.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சுவீடன் நிறுவனமான போபர்ஸின் பீரங்கி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1986இல் 410 பீரங்கிகள் வாங்கினோம். அவை 1999இல் கார்கில் மலைகளில் கைகொடுத்தன. ஆனால் லஞ்சப் புகாருக்குப் பின் கையெழுத்திடவே அதிகாரிகள் அஞ்சினார்கள். வெளிநாட்டிலிருந்து அடுத்த பெரிய பீரங்கியை, அமெரிக்காவின் எம்-777ஐ, வாங்கும் ஒப்பந்தம் 2016இல்தான் கையெழுத்தானது. நன்றி, வணக்கம்.