25 வருஷத்தில் ஆறே படைப்பு: ராக்மனினோவ் கதை

[திரையில்: கீபோர்டின் மேல் ஓர் இடது கை]

வணக்கம். இடது கைச் சுண்டுவிரலை ‘சி’ கட்டையில் வையுங்கள். அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணி, பதின்மூன்றாவதில் பெருவிரலை வைக்க முடிகிறதா பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு அடி ஸ்கேல் நீளம். எட்டாது. ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான செர்கேய் ராக்மனினோவுக்கு எட்டும் என்பார்கள்.

அவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் இந்தக் கையில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கை வாசித்து வாசித்தே, எழுத வேண்டியதை எழுதாமல் போனதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இதைப் பார்க்கிற, கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து கீபோர்டுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஞாயிறு காலை சர்ச் கொயர், மற்ற நாளில் எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோவை என்று கல்யாணக் கச்சேரி. சொந்தமாக ஒரு ட்யூன் போட எப்போது உட்காருவது?

[திரையில்: ரஷ்ய வரைபடம், நோவ்கோரோத்]

1873-இல் ரஷ்யாவின் நோவ்கோரோத் பகுதியில் பிறந்தவர். சிறு வயதில் பாட்டியோடு தேவாலயங்களுக்குப் போவார். அங்கே மணி ஆடாது. உள்ளே இருக்கிற நாக்கைக் கயிறு கட்டி இழுத்து அடிப்பார்கள். பெரிதும் சிறிதுமாகப் பல மணிகளின் நாதம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். இவர் இசையில் கடைசி வரை அந்தச் சத்தம் உண்டு.

மாஸ்கோ இசைக் கல்லூரியில் 1892-இல் பெரிய தங்கப் பதக்கம். அதே வருஷம், 19 வயதில், சி ஷார்ப் மைனர் என்ற சுர வரிசையில் ஒரு பிரெலூட் (பியானோவுக்கான சிறு உருப்படி) எழுதினார். ஐந்து துண்டுகள் கொண்ட தொகுப்பை 200 ரூபிளுக்குப் பதிப்பாளரிடம் கொடுத்தார்; அதில் இதுவும் ஒன்று. ஆக, இதன் விலை 40 ரூபிள். உலகம் முழுக்க அச்சாகி விற்றது. சர்வதேசப் பதிப்புரிமை உடன்பாட்டில் ரஷ்யா அப்போது சேரவில்லை, அதனால் வெளிநாட்டு விற்பனையில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பிற்பாடு எந்த ஊரில் வாசித்தாலும் முடிவில் ஜனம் அதையே கேட்கும். அவருக்கோ அது அலுத்துப் போயிருந்தது.

அப்புறம் 1897. முதல் சிம்பொனி, அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான பெரிய படைப்பு, பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஒத்திகை போதவில்லை, கச்சேரி படுத்துவிட்டது. நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து, அங்கே படிக்கிற ஒருவன் எகிப்தின் வாதைகளைச் சிம்பொனியாக எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்கிற ரீதியில் எழுதினார் விமர்சகர் கூய். மூன்று வருஷம் பேனா ஓடவில்லை. டாக்டர் தால் என்பவர் மனவசிய முறையில் வைத்தியம் பார்த்தார். 1901-இல் இரண்டாம் பியானோ கன்சர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) முழுசாக வந்தது, அதை அந்த டாக்டருக்கே சமர்ப்பித்தார். இந்தக் கதை எல்லா இடத்திலும் கிடைக்கும், நான் நீட்டவில்லை.

[திரையில்: பனியில் போகும் சறுக்கு வண்டி]

1917 டிசம்பர். புரட்சி நடந்த கையோடு மனைவி, இரண்டு மகள்களோடு எல்லை தாண்டி ஸ்வீடன் போனார். சொத்தெல்லாம் போயாச்சு. வயது 44. மறு வருஷம் அமெரிக்கா. குடும்பம் நடத்த ஒரே வழி கச்சேரி. ஆனால் ரஷ்யாவில் அவர் மேடையில் வாசித்தது பெரும்பாலும் தான் எழுதியதைத்தான். இப்போது பீத்தோவன், ஷோபின், லிஸ்ட் என்று மற்றவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து பாடம் பண்ண வேண்டியிருந்தது.

எப்படிப் பண்ணினார் தெரியுமா? ஏப்ரம் சேசின்ஸ் என்ற பியானோ கலைஞர் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே சாதகம் நடக்கிறது. என்ன உருப்படி என்றே பிடிபடவில்லை, அவ்வளவு மெதுவாக வாசிக்கிறார். கடைசியில் பார்த்தால் அது ஷோபினின் ‘தேர்ட்ஸ்’ எட்யூட் (ஒரு சுரம் விட்டு அடுத்ததைச் சேர்த்து இரண்டிரண்டாக வாசிக்கிற பயிற்சி உருப்படி), புயல் வேகத்தில் போவது. கடிகாரத்தைப் பார்த்தாராம்: ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, இருபது விநாடி. யூடியூபில் வேகத்தை இரண்டு மடங்காக வைத்துப் பாடம் கேட்கிற தம்பி தங்கைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சில சீசன்களில் அறுபது, எழுபது கச்சேரி, ரயிலும் ஓட்டலுமாக. ஊரை விட்டு வருகிறவரை 39 ஓபஸ் எண்கள் (படைப்புகளுக்கு இடுகிற வரிசை எண்). அதற்குப் பின் வாழ்ந்த 25 வருஷத்தில் ஆறே ஆறு. ஊர் போனதால் எழுதும் ஆசையும் போய்விட்டது என்று அவரே சொன்னதுண்டு. அது உண்மைதான், ஆனால் காலண்டரையும் பாருங்கள் என்பேன் நான். 1934-இல் பகனினி ராப்சொடி எழுதியது சுவிட்சர்லாந்தில், கச்சேரி இல்லாத கோடையில்.

[திரையில்: ‘சிம்பொனிக் டான்ஸஸ்’, 1940]

கடைசிப் படைப்பு இது. முதல் பகுதி முடிகிற இடத்தில் நிதானமாக ஒரு மெட்டு வரும். படுத்துப்போன அந்த முதல் சிம்பொனியின் மெட்டு! அதன் சுரத்தாள் தொலைந்துபோனதாகவே அப்போது நினைப்பு, அதனால் கேட்டவர் யாருக்கும் அது தெரிய வழியில்லை. 1943 பிப்ரவரி 17-இல் நாக்ஸ்வில்லில் கடைசிக் கச்சேரி. மார்ச் 28-இல் புற்றுநோயால் காலமானார். அதன் பிறகுதான் சிம்பொனியின் வாத்தியத் தாள்கள் லெனின்கிராடில் (அதே பீட்டர்ஸ்பர்க்தான்) அகப்பட்டன. 1945-இல் மாஸ்கோவில் அதை மறுபடி வாசித்தார்கள்.

சரி, எதை முதலில் கேட்பது? 1929-இல் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவோடு அவரே வாசித்துப் பதிவு செய்த இரண்டாம் கன்சர்ட்டோ. சத்தத்தில் இரைச்சல் இருக்கும், பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பியானோ மட்டும் தனியாக, மணி அடிக்கிற மாதிரி சில கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது) வரும். கை எட்டாத பலர் அதைச் சிதறடித்து, ஒவ்வொரு சுரமாகத்தான் வாசிப்பார்கள். இதற்கு அடுத்து இன்னொருவர் வாசித்ததையும் போட்டு அந்த இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடையதைக் கேட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.