கிலுக்காத பாம்பை எண்ணுவது

வணக்கம் நேயர்களே. பாம்பு எண்ணப் போகிறேன் என்று வீட்டில் முதல் தடவை சொன்னபோது, "எண்றதுக்கு ஆடு மாடு கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் கார்லைல் என்று ஒரு அணைக்கட்டு ஏரி. அதன் கரைப் புல்வெளிகளில் மசசாகா என்கிற, வால் நுனியைக் கிலுக்கிச் சத்தம் எழுப்பக்கூடிய கிலுகிலுப்பைப் பாம்பு வாழ்கிறது. விரியன் குடும்பம், குட்டி போடும், நீளம் இரண்டு, இரண்டரை அடிதான். அருகி வருவதால் 2016-ல் நாடு முழுவதற்குமான பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். குளிர்காலம் முழுக்க கிரேஃபிஷ் என்கிற, இறால் போன்ற நன்னீர் உயிரி தோண்டிய வளைக்குள், உறையாத நிலத்தடி நீரை ஒட்டிக் கிடக்கும். மார்ச் கடைசி, ஏப்ரலில் வெயில் காய வெளியே வரும். புல் வளர்ந்துவிட்டால் கண்ணில் படாது, அதனால் அந்தச் சில வாரங்கள்தான் பாம்பு எண்ணும் தன்னார்வலர்களான எங்களுக்குச் சீசன்.

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கிலுக்குச் சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்பீர்களா?" என்றுதான். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கிலுக்காது! பெரும்பாலும் கிலுக்கவே கிலுக்காது. நான் போன முதல் நாள், ஆளுக்கு ஆள் சில அடி இடைவெளி விட்டு வரிசையாக, முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, காய்ந்த புல்லைப் பார்த்துப் பார்த்து மூன்று மணி நேரம் நடந்தோம். ஒன்றும் இல்லை. எனக்குக் கழுத்து வலி. அப்போது பக்கத்தில் வந்த பெரியவர், பல வருஷமாக வருகிறவர், "அசையாதே, உன் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளிப் பார்" என்றார். பார்த்தேன். புல். இன்னும் பார்த்தேன். புல்லேதான். அப்புறம் அந்தப் புல்லுக்கு ஒரு கண் இருந்தது! சாம்பல் உடம்பு, பழுப்புத் திட்டு, சுருண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் தாண்டியே போயிருப்பேன், அது மூச்சுக்கூட விட்டிருக்காது.

அதிலிருந்து நான் ஓயாமல் சொல்வது இதுதான்: பாம்பு தென்படாத நாளையும் எழுத வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன வெயில், பாம்பு பூஜ்யம். இதை எழுதாமல் விட்டால், அடுத்த வருஷம் ஐந்து கிடைத்தது பாம்பு பெருகியதாலா, இல்லை நாம் கூடுதலாகத் தேடியதாலா என்று எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு திரும்புகிற தன்னார்வலர் முகம் வாடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாடவே வேண்டாம், அந்தப் பூஜ்யமும் கணக்குதான்.

தொடுவது நம் வேலை இல்லை. உரிமம் பெற்ற ஆராய்ச்சியாளர்கள் கொக்கியால் எடுத்து, தலையை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, அரிசி மணி அளவு, அடையாள எண் கொண்ட மின்னணுச் சில்லு ஒன்றைத் தோலுக்கடியில் வைப்பார்கள். அதே பாம்பு மறுபடி கிடைத்தால் இன்னார் என்று தெரிந்துவிடும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. 2008-ல் இதே ஏரிப் பாம்புகளிடம் முகத்தை வீங்க வைத்துக் கொல்லும் பூஞ்சை நோய் தென்பட்டது. ஆகவே கருவிகளையும் பூட்ஸையும் கழுவாமல் அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. எப்படிக் கழுவுவது என்று சொல்ல நேரமில்லை. வணக்கம்.