"அனுப்பினேனே" என்றால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கட்டுமான வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன் நான். ஒரு வேலை எங்கே கெட்டுப்போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சில்தான் என்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோவில் மண்டபத்துக்குக் கூரை போட்டோம். பழைய கால்வாய் குறுக்கே வந்ததால் ஒரு வரிசைத் தூணைக் கொஞ்சம் வெளியே தள்ளி, பொறியாளர் புதுப் படம் கொடுத்தார். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அன்று குழுவில் யாருக்கோ பிறந்தநாள், வாழ்த்துகளுக்கு நடுவில் படம் மேலே போய்விட்டது. இரும்புப் பட்டறையில் பழைய அளவுக்கே வெட்டினார்கள். கிரேன் முதல் சட்டத்தைத் தூக்கித் தூணுக்கு மேலே கொண்டுபோனபோது ஒரு சாண் எட்டவில்லை. சட்டம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்க, பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, படம் மாறினதே எனக்குத் தெரியாது" என்றார். அனுப்பினேனே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவரை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியவன் நான்தானே.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலம் 1999 செப்டம்பரில் தொலைந்துபோனது. விசையை ஒரு குழு பவுண்டில் கணக்கிட்டது, மற்ற குழு அதை நியூட்டன் என்ற வேறொரு அலகு என்று எடுத்துக்கொண்டது. ஏதோ சரியில்லை என்று வழிநடத்திய குழுவில் சிலருக்குச் சந்தேகம் வந்தும், அது முறையாக மேலே போய்ச் சேரவில்லை. நம் வேலைத்தளத்திலும் படத்தில் மில்லிமீட்டர், மேஸ்திரி வாயில் அடி!

ஆள் கூடக்கூட இது இன்னும் மோசமாகும். 5 பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச 10 வழி, 10 பேர் ஆனால் 45. குழுவில் போட்டால் எல்லாருக்கும் போய்விடும் என்று நம்பினால் எப்படி?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி நிரையை, அதாவது அன்று வெட்ட வேண்டிய மரவரிசையை, மாற்றிச் சொன்னால், தலையாட்டிவிட்டுப் போகமாட்டார். "ஆற்றோரத்து நிரைதானே, கோவிலுக்குப் பின்னால் இல்லையே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். கங்காணியும் கோபப்படமாட்டார், நின்று பதில் சொல்லுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது நானும் அதையே செய்கிறேன். அளவு மாறினால் நேரில் போய்ச் சொல்லி, கேட்டவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்வேன். சிலருக்கு இது பிடிக்காது, பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்பார்கள். சரி, பரவாயில்லை. போன வாரம் கால்வாய் தோண்ட வந்த வங்காளதேசத் தம்பியிடம் மலாயில் ஆழம் ஒன்றரை மீட்டர் என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னால் ஒன்றரை அடி என்றார். கம்பை ஊன்றி ஆழத்தைக் காட்டினேன், "ஓ, மீட்டர்!" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் எந்திரத்தைக் கிளப்பச் சொன்னேன்.