லிஃப்ட் நேராக இறங்கியது, எஸ்கலேட்டர் சாய்ந்து வந்தது

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய சுரங்க ரயில் நிலையங்களில் மூடிப்போட்ட பாதைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க, நம்மூர்ல ஓடற மெட்ரோவே கெடையாது. மூடுன ஸ்டேசனப் பத்திப் பேசி என்னங்க ஆவப்போவுது?”

கேள்வி நியாயம்தான். கொங்கு நாட்டுக்கு ரயில் தரைமேலேயே வந்தது. 1862-இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குத் தண்டவாளம் போட்டபோது, பாலக்காட்டுக் கணவாய் வழி விட்டதால் மலையைக் குடையும் வேலை மிச்சமாயிற்று. ரயில் சுரங்கம் என்றால் நமக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் வழியில் வருகிற 16 குகைகள்தான். பிள்ளைகள் கூச்சல் போட வசதியான இருட்டு. அது போக, மழை பெய்தால் குளமாகிவிடும் நுழைவுப் பாலங்கள் இருக்கின்றன. ஆனால் போத்தனூருக்கு ரயில் வந்த மறு ஆண்டே, 1863 ஜனவரியில், லண்டனில் பூமிக்கு அடியில் நீராவி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வளவு பழைய அமைப்பு என்றால் அதில் ஓடாத பகுதியும் நிறைய இருக்குமல்லவா? கட்டட வேலையிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, மகள் வீட்டுக்கு லண்டன் போன இடத்தில் அந்த ஓடாத பகுதிதான் பிடித்துப்போனது.

1863-இல் செய்தது எளிய வேலை. தெருவைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே வளைவு கட்டி மூடிவிட்டார்கள். ஆழத்தில் குழாய் மாதிரி குடைந்து மின்சார ரயில் விட்டது 1890-இல். லண்டனுக்கு அடியில் இருப்பது கெட்டியான களிமண். கத்தியால் வெட்டலாம், தண்ணீரும் அவ்வளவாகக் கசியாது. நம் பக்கம் கிணறு வெட்டினால் கொஞ்சத்திலேயே சுக்காம்பாறை வந்துவிடும், அப்புறம் வெடிதான். அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சரி, அவ்வளவு ஆழத்துக்கு ஆள் எப்படி இறங்குவது? லிஃப்ட் வைத்தார்கள். அதற்காக 23 அடி விட்டத்தில் கிணறு இறக்கினார்கள். நம் தோட்டத்துக் கிணற்றின் வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கல்கட்டுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு வளையங்களை போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு கிணறு, அவசரத்துக்கு இறங்க வளைந்து வளைந்து போகும் படிக்கட்டோடு.

1906, 1907-ஆம் ஆண்டுகளில் மூன்று புதிய தடங்கள் திறந்தன. அவற்றின் நிலையங்களை வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன் என்ற இளைஞர். நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களைச் சில ஆண்டுகளுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு 1908-இல், 33 வயதில், இறந்துபோனார். அவர் கட்டடத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. இரண்டு மாடி, முகப்பு முழுக்க மாட்டு ரத்த நிறத்தில் பளபளக்கும் சுடுமண் ஓடு, மேல்மாடியில் பெரிய அரைவட்ட ஜன்னல்கள். கூரை மட்டும் மொட்டையாக இருக்கும். பணம் போதாமல் விட்டதில்லை. இரும்புச் சட்டத்தில் கட்டி, பின்னால் மேலே அலுவலகம் எழுப்ப இடத்தை விற்கலாம் என்று போட்ட கணக்கு அது. அழகும் வியாபாரமும் ஒரே வரைபடத்தில். கீழே பிளாட்பாரச் சுவரில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறக் கோலம், நிலையத்தின் பெயரும் ஓட்டிலேயே சுட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றி விற்கலாம், ஓட்டில் சுட்டதை என்ன செய்வது? நிலையம் செத்த பிறகும் பெயர் சுவரிலேயே நிற்கிறது.

செத்தது எப்படி? பேய் பிசாசு என்று யூடியூபில் ஆயிரம் கதை ஓடுகிறது. எனக்கு அதில் ருசி இல்லை. பெரும்பாலான பாதைகளை மூட வைத்தது எஸ்கலேட்டர். லண்டன் சுரங்க ரயிலில் முதல் எஸ்கலேட்டர் 1911-இல் வந்தது. லிஃப்டுக்குக் காத்து நிற்க வேண்டும், எஸ்கலேட்டருக்கு வேண்டாம். கூட்டம் வடியும் வேகத்தில் எஸ்கலேட்டரை லிஃப்ட் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் லிஃப்ட் நேராக இறங்குகிறது, எஸ்கலேட்டர் சாய்ந்து இறங்குகிறது. அத்தனை ஆழத்துக்குச் சாய்ந்து வந்தால் மேல்வாசல் ஒரு தெருவில், கீழ்வாசல் இன்னொரு தெருவுக்கு அடியில். ஆகவே டிக்கெட் கூடம் இடம் மாறும். பழைய லிஃப்ட் கிணற்றின் அடியிலிருந்து பிளாட்பாரத்துக்குப் போன நடைபாதையெல்லாம் யாருக்கும் வேண்டாததாகிவிடும். குறுக்கே ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு பூட்டு. இன்றும் லட்சக்கணக்கானோர் நடக்கிற நிலையங்களில் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் பாதி நிலையம் இருக்கிறது.

டவுன் ஸ்ட்ரீட் என்றொரு நிலையம், 1907-இல் திறந்தது. மேஃபேர் என்ற பணக்காரப் பகுதி. அங்கே இருந்தவர்களுக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்கும், சுரங்கத்தில் ஏன் இறங்கப்போகிறார்கள்? போதாக்குறைக்கு இரண்டு பக்கத்து நிலையங்களுக்கும் எஸ்கலேட்டர் வந்தபோது அவற்றின் வாசல்கள் இதை நோக்கி நகர்ந்து வந்துவிட்டன. 1932 மே மாதம் மூடினார்கள். ஏழே வருடத்தில் போர் வந்தது. இங்கிலாந்தின் ரயில்களை ஒருங்கிணைத்து நடத்திய குழு இந்த நிலையத்துக்குள் குடியேறியது. பிளாட்பார விளிம்பு நெடுகச் சுவர் எழுப்பி, குறுகலான நடைகளில் அலுவலக அறைகள், தொலைபேசி இணைப்பகம், படுக்கை, குளியலறை என்று அடைத்தார்கள். சர்ச்சில்கூட 1940 கடைசியில் இங்கே வந்து தங்கியிருக்கிறார். சுவரின் மறுபக்கம் வழக்கம்போல ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் துண்டு பிளாட்பாரத்தை மட்டும் விட்டுவைத்து, அதிகாரிக்குப் போக வேண்டுமானால் பொத்தானை அழுத்தி சிக்னலைச் சிவப்பாக்குவார். நின்ற ரயிலில் டிரைவர் பக்கம் ஏறிக்கொள்வார். எந்த ஊரிலும் அதிகாரி அதிகாரிதான்!

உள்ளே போனால் முதலில் படுவது தூசி. கரிக்கறுப்பு, மாவு போல நைசு. பிரேக் இரும்புத்தூளும் மனிதத் தோலும் துணி நூலும் சேர்ந்தது. விரலால் ஓட்டைத் துடைத்தால் அடியில் நூறு வருடத்துப் பளபளப்பு அப்படியே வருகிறது. யூஸ்டன் நிலையத்தில் 1962-இல் மூடிய நடைபாதைகளில் அந்தக் காலத்து விளம்பர போஸ்டர்கள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு காற்றுக் கிராதி வழியாகக் குனிந்தால் கீழே இன்றைய பிளாட்பாரம் தெரியும். ஆட்கள் செல்போனைப் பார்த்து நிற்பார்கள். மேலே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ரயில் வரும்போது குபீரென்று காற்று ஏறி வந்து முகத்தில் அடிக்கும். மூடியது ஆளுக்குத்தான், காற்றுக்கு இல்லை. பழைய கிணறுகளில் பல இன்று காற்றுப்போக்கிகளாக உழைக்கின்றன.

எல்லா இடத்திலும் எஸ்கலேட்டரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க்கின் சிட்டி ஹால் நிலையம் 1904-இல் திறந்தது. மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய வளைவுக் கூரை, குவாஸ்டவினோ என்ற கட்டடக் கலைஞர் குடும்பத்தாரின் கைவேலை. பிளாட்பாரமும் வளைந்திருந்தது. ரயில் நீண்டுகொண்டே போக, வளைவில் கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஆபத்தான இடைவெளி விழுந்தது. 1945 கடைசி நாளோடு மூடிவிட்டார்கள். பாரிஸில் போர் மூடியது, பெர்லினில் அரசியல் மூடியது. அவை தனித்தனிப் பேச்சுக்கு உரியவை.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பூட்டை உடைத்து உள்ளே போகிற ஆட்கள் உண்டு, அது சட்டப்படி குற்றம், மின்சாரம் பாயும் தண்டவாளம் வேறு. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகமே ஆள் வைத்து அழைத்துப் போகிறது. டிக்கெட் சல்லிசு இல்லை, சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்கூட்டியே மகனையோ மகளையோ பதிவு செய்யச் சொல்லுங்கள். லிஃப்ட் இருக்காது, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க மனமில்லையா? பிக்கடில்லி தடத்தில் கிரீன் பார்க்குக்கும் ஹைட் பார்க் கார்னருக்கும் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் இரண்டு கையையும் கூப்பி வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள். இரும்பு வளையங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் சில நொடிகளுக்குச் செங்கல் சுவர் வரும். அதுதான் டவுன் ஸ்ட்ரீட். நன்றி, வணக்கம்.